கடைசிப் பாதை ஆறு மணிக்கு

பெரிய அதிகாரி பேசிக்கொண்டிருக்கும்போதே முன்வரிசைப் பிள்ளைகள் எழுந்து வெளியே போனதை, என் தொழிலில் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு, வாடகைச் சைக்கிளில் ஒரு குழாய் ஸ்பீக்கரைக் கட்டித் தொடங்கியவன் நான். இன்று வாவியின் கிழக்குப் பக்கமான எழுவான்கரையில் என் ஸ்பீக்கர் பொக்ஸ் வைக்காத கோயில் இல்லை, சேர்ச் இல்லை, கல்யாண மண்டபம் இல்லை. எத்தனையோ மந்திரிமாருக்கு மைக் வைத்திருக்கிறேன். ஒரு கூட்டம் எந்த இடத்தில் குழம்பும் என்று ஆம்பிளிஃபயருக்குப் பக்கத்தில் இருந்தே சொல்லிவிடுவேன்.

அது இளைஞர் ஆலோசனைக் குழுவின் கூட்டம். தமிழ், முஸ்லிம், சிங்களம், பறங்கி என்று எல்லாச் சனத்திலும் பிள்ளைகளை எடுத்து, அவர்களுடைய பிரச்சினைகளை அவர்களே அரசாங்கத்துக்குச் சொல்லட்டும் என்று அமைத்தது. மாதா மாதம் கூடும், சவுண்ட் என்னுடையது. அதில் மூன்று பேர் என்னோடு நல்ல ஒட்டு. வாவிக்கு அக்கரையில், மண்டூர்ப் பக்கத்திலிருந்து வரும் தர்ஷிகா, காத்தான்குடி ரிஸ்வான், டவுனில் பேக்கரி வைத்திருக்கும் சிங்களக் குடும்பத்துச் சாமிந்தி. தேநீர் நேரத்தில் என் பெட்டிகளில் ஏறியிருந்து சண்டை பிடிப்பார்கள். வேறு யாராவது ஏறினால் நடப்பதே வேறு.

தர்ஷிகா இக்கரையில் ஏசி திருத்தும் கோர்ஸ் படித்தாள். செய்முறை வகுப்பெல்லாம் பின்னேரம். ஆளையும் மோட்டார் சைக்கிளையும் ஏற்றி வாவியைக் கடக்கும் படகை நாங்கள் பாதை என்போம். அதன் கடைசி நடை ஆறு மணிக்கு. வகுப்பைப் பாதியில் விட்டு ஓடினால்தான் பிடிக்கலாம். வரவு போதாது, பரீட்சைக்கு விடமாட்டோம் என்று ஆசிரியர் சொல்லிவிட்டார். இருட்டில் சுற்றுவழியால் ஓட்டோவில் வருவதென்றால் படிப்பே வேண்டாம் என்று தகப்பன் சொல்லிவிட்டார். இன்னொரு நடை வேண்டும் என்று அன்று பெரிய அதிகாரியிடம் கேட்பதற்காகத்தான் அவள் வந்திருந்தாள்.

கொழும்பிலிருந்து வந்த அதிகாரி பிந்தி வந்தார். விளக்கு, மாலை, வரவேற்பு எல்லாம் முடிந்து அவர் மைக்கைப் பிடித்தார். பிள்ளைகளின் முறை கடைசி. தர்ஷிகா குனிந்து என்னிடம் வந்தாள்.

“மாமா, அந்த ஐயாவக் கொஞ்சம் சுருக்கச் சொல்லேலாதா?”

“மைக்க நிப்பாட்டுவன் புள்ள. ஆள எப்பிடி நிப்பாட்டுற?”

அவள் சிரிக்கவில்லை. போய் உட்கார்ந்து கொஞ்ச நேரம் வாசலையே பார்த்தாள். பிறகு எழும்பினாள். அவளுக்குப் பின்னால் அக்கரைப் பிள்ளைகள் எல்லோரும் எழும்பினார்கள். அதிகாரி பேச்சை நிறுத்தினார். முகம் கறுத்துவிட்டது. அதற்குள் ரிஸ்வான் கோர்ட்லெஸ் மைக்கை எடுத்துவிட்டான்.

“சேர், அவங்க கோவிச்சிப் போகல்ல. பாதை போகப்போகுது. அவ இண்டைக்குச் சொல்ல இருந்ததும் அதத்தான். சொல்றதுக்கு நிண்டா வீட்ட போகேலா.”

சாமிந்தி மற்ற மைக்கை எடுத்து அதைச் சிங்களத்தில் சொன்னாள். எனக்குத் தெரிந்த சந்தைச் சிங்களத்துக்கே விளங்கியது, அவள் ஒரு சொல்லையும் விடவில்லை, தன் பங்குக்குக் கொஞ்சம் கூட்டியும் சொன்னாள். கூட்டத்தை ஒழுங்கு செய்தவர் சவுண்டை வெட்டச் சொல்லிக் கையைக் காட்டினார். நான் வொலியூமைக் கூட்டினேன். இந்தக் கரையில் வேறு எந்தச் சவுண்ட்காரனும் அதைச் செய்திருக்க மாட்டான்.

அந்தக் கூடுதல் நடை வந்தது. வருவதற்குப் பல மாதம் எடுத்தது. அதற்குள் தர்ஷிகாவின் படிப்பை வீட்டில் மறித்து, அவளைக் கொழும்புப் பக்கம் ஆடைத் தொழிற்சாலைக்கு அனுப்பிவிட்டார்கள். சாமிந்தி கல்யாணம் கட்டிக் குருநாகல் போய்விட்டாள். ரிஸ்வான் கத்தாரில். இப்போது வரும் பிள்ளைகள் நல்ல பிள்ளைகள்தான், வாய் திறக்கப் பயப்படுகிறார்கள். கூட்டம் முடிந்து வயரைச் சுற்றும்போது மண்டபம் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

சவுண்ட் தொழிலுக்கு வரும் தம்பிமாருக்கு நான் சொல்வது இதுதான். பிள்ளைகளின் கூட்டம் என்றால், அவர்களை முதலில் பேச விடுகிறார்களா என்று கேளுங்கள். இல்லை என்றால் பெட்டியை இறக்காதீர்கள். நான் இறக்குவதில்லை.

போன வெள்ளிக்கிழமை ரிஸ்வான் கத்தாரிலிருந்து போன் எடுத்தபோது நான் இறங்குதுறையில் நின்றேன். அந்தக் கூடுதல் நடைக்குப் பாதை இஞ்சின் போட்டிருந்தது. சத்தம் கேட்கட்டும் என்று போனை அந்தப் பக்கம் பிடித்தேன்.

“ஆராரு ஏறுறாங்க மாமா?” என்றான்.

“கோர்ஸ் படிக்கிற புள்ளைகள் மனே. நம்மட புள்ள இல்ல.”