உபதேசியாரின் நீண்ட ஜெபமும் எங்கள் வண்டியின் பிரேக்கும்

சபையில் எழுந்து நின்று பேச எனக்கு வாய் வராது. பேச ஆரம்பித்தால் அழுதுவிடுவேன் என்று என் மனைவி கிரேஸ் சொல்கிறாள். அதனால் எழுதித் தருகிறேன். பொறுமையாகக் கேளுங்கள்.

கிரேஸுக்குப் புற்றுநோய் என்று தெரிந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் தூக்கம் போயிற்று. மருந்து ஏற்றுவதற்காக அம்பாசமுத்திரத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு அடிக்கடி போக வேண்டும். பஸ்ஸில் அவளால் உட்கார முடியாது. எங்கள் பழைய காரில் நானே ஓட்டிக்கொண்டு போவேன். செங்கோட்டை, புளியரை வளைவு, ஆரியங்காவு, அப்புறம் தென்மலை இறக்கம். போகும்போது பயந்துகொண்டே வருவாள். திரும்பும்போது வாந்தி எடுத்துக்கொண்டே வருவாள். நான் பள்ளிக்கூடத்தில் கிளார்க். மறுநாள் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போவேன். உடம்பு அசதி ஒரு பக்கம். மனசு அசதி அதைவிடப் பெரிது.

போன ஜூனில், சாரல் தொடங்கிய சமயம், இந்தப் பாடுகளோடு வண்டியும் சேர்ந்துகொண்டது. பிரேக் ஆயில் டப்பாவில் அளவு குறைந்துகொண்டே வந்தது. ஊற்றினால் திரும்பவும் குறையும். மெக்கானிக் காதர் பாய் சக்கரங்களையெல்லாம் கழற்றிப் பார்த்தார். குழாய்களைத் துடைத்துப் பார்த்தார். நாம் மிதித்ததும் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளிவிடுவது மாஸ்டர் சிலிண்டர். அதன் அடியிலும் ஒரு துணியைக் கட்டி ஒரு நாள் முழுக்க விட்டார். துணி காய்ந்தே இருந்தது. மிதித்தால் பிரேக்கும் கல் மாதிரி நின்றது. ஒழுக்கு எதுவும் தெரியவில்லை, ஆனாலும் மனசுக்கு ஒப்பவில்லை என்றார். எனக்கும் ஒப்பவில்லை. ஆனால் மருந்து தேதியைத் தள்ளிப்போடக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். "ஆண்டவரே, எங்கே ஒழுகுகிறது என்று காட்டும்" என்று ஒரே வரியில் ஜெபித்துவிட்டுப் படுத்துவிடுவேன். அதற்கு மேல் தெம்பில்லை.

புறப்படும் அன்று விடிகாலையில் நம் சபை உபதேசியார் ஐயா வழியனுப்ப வந்தார். அவரைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அவர் கண்ணை மூடினால் நமக்குக் கால் மரத்துப்போகும். எங்கள் தெரு சரிவு. கிரேஸுக்குப் புழுக்கம் ஆகாது என்பதால் எஞ்சினை ஓடவிட்டு ஏ.சி. போட்டிருந்தேன். இன்றைக்காவது சுருக்கமாக முடிப்பார் என்று நம்பி ஹேண்ட் பிரேக்கையும் எடுத்துவிட்டு, காலை மட்டும் மிதியில் லேசாக வைத்திருந்தேன். ஐயா வண்டிக்கு முன்னால் நின்று பானெட்டில் கை வைத்து ஆரம்பித்தார்.

டாக்டர்களுக்காக, நர்சுகளுக்காக, மருந்து செய்கிற கம்பெனிக்காக, ரோடு போட்டவர்களுக்காக, மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை போய் மலையிறங்கி வந்த குடும்பங்களுக்காக. எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. ஜெபம் நீண்டுபோனால் நாமே சத்தமாக ஆமென் சொல்லி முடித்துவைக்கிற வழக்கம் நம்மிடம் உண்டே. நானும் சொன்னேன், கொஞ்சம் கடுப்பாகவே. ஐயாவோ எனக்குள் ஆவி அனல்மூண்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டார். இன்னும் உற்சாகமாகக் கேரளத்து அதிகாரிகளுக்காக ஆரம்பித்துவிட்டார்.

அப்போதுதான் என் கால் இறங்குவதை உணர்ந்தேன். நான் அழுத்தவே இல்லை. மிதி பைய, பைய இறங்கித் தரையைத் தொட்டது. வண்டி நகர்ந்து போய் ஐயாவின் முழங்காலில் தட்டியது. பதறிப்போய் ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். நல்லவேளை, அவருக்கு அடி இல்லை. கண்ணைத் திறந்தவர், "தம்பி, இன்னும் ஜெபம் முடியலையே" என்றார்.

போன் போட்டதும் காதர் பாய் கட்டிய லுங்கியோடு ஓடி வந்தார். மாஸ்டர் சிலிண்டரைக் கழற்றிப் பின்பக்கத்தைக் காட்டினார். முழுக்க ஆயில் ஈரம். உள்ளே ரப்பர் தேய்ந்து, வெளியே ஒரு சொட்டுக்கூட விழாமல், அதற்குப் பின்னால், நம் மிதிக்குப் பலம் கூட்டுகிற பூஸ்டருக்குள்ளேயே வடிந்திருக்கிறது.

"அண்ணாச்சி, விட்டு விட்டு மிதிச்சா இது நிக்கும். ஒரே அமுக்கா வச்சிருந்தாத்தான் இறங்கும். இவ்வளவு நேரம் யாரு மிதிச்சுக்கிட்டு இருப்பா? தென்மலை இறக்கத்துலதான் அப்படி மிதிச்சுக்கிட்டு இருப்பீய" என்றார். சொல்லிவிட்டுத் தன் கார் சாவியை என் கையில் வைத்தார்.

அவருடைய காரில்தான் போனோம். தென்மலை இறக்கத்தில் தூறல். முன்னால் ஒரு லாரி ஊர்ந்துகொண்டிருந்தது. கீழே வந்து சேரும்வரை பிரேக்கிலிருந்து நான் காலை எடுக்கவே இல்லை. அதைப் பார்த்துக்கொண்டே வந்த கிரேஸ் கேட்டாள்.

"வண்டிக்காண்டி தெனமும் ஜெபம் பண்ணுதீய. எனக்காண்டி நீங்க வாய் தெறந்து கேட்டு நான் ஒருநாளும் கேக்கலையே?"

அவள் சொன்னது நிஜம். வண்டிக்காகக் கேட்டுக் கிடைக்காவிட்டால் போகிறது, வண்டிதானே. அவளுக்காகக் கேட்டு, ஆண்டவர் இல்லை என்று சொல்லிவிட்டால் நான் எங்கே போவேன்? அந்தப் பயத்தில்தான் அவள் பெயரை எடுக்காமலே இத்தனை காலம் ஜெபித்திருக்கிறேன். வண்டியை ஓரமாக நிறுத்தினேன். ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு, "ஆண்டவரே, கிரேஸை எனக்குத் தாரும்" என்று சத்தமாகக் கேட்டேன். இரண்டு பேரும் அழுதோம்.

அவளுக்கு இன்னும் முழுக்கக் குணமாகவில்லை. அதை மறைத்து சாட்சி சொல்ல எனக்கு விருப்பமில்லை. மருந்து நடக்கிறது, மலைப்பாதையும் நடக்கிறது, நானும் அசந்துபோய்த்தான் இருக்கிறேன். ஆனால் எவருக்கும் தெரியாமல் வடிந்துகொண்டிருந்ததை, நாங்கள் மலையேறுவதற்கு முன்னால், எங்கள் வீட்டு வாசலிலேயே காட்டிக்கொடுத்தவருக்கு நான் நன்றி சொல்லாமல் இருக்க முடியாது. இப்போது தினமும் அவள் பெயரைச் சொல்லியே கேட்கிறேன். பயம் போகவில்லை. பயத்தோடேயே கேட்கிறேன்.

இல்லை என்று வந்துவிடுமோ என்று பயந்து எதையாவது கேட்காமல் உள்ளே வைத்திருக்கிறவர்கள் உங்களிலும் இருப்பார்கள். கேட்டுவிடுங்கள். வாய் வரவில்லையென்றால் எங்கள் வீட்டுக்கு வாருங்கள். கிரேஸும் நானும் உங்கள் பெயரைச் சொல்லிக் கேட்கிறோம்.