கவர் பிரிக்காத பேட்டரிகள்

புதுப் பொருளின் மேல் பாலித்தீன் கவரைப் பிரிக்காமலே வைத்திருப்பவர்களை எனக்குப் பிடிக்காது. சோபாவோ கார் சீட்டோ, உட்கார்ந்தால் ஒட்டிக்கொண்டு சரசரக்கும் அந்தக் கவரைக் கண்டாலே இன்றும் குமட்டும். அதற்குக் காரணம் மூன்று பேட்டரிகள்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு திண்டுக்கல்லைச் சுற்றி மூலைக்கு மூலை பொறியியல் கல்லூரி முளைத்தது. எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்திருந்த எனக்குப் பழனி ரோட்டில் இருந்த ஒரு கல்லூரியில் லேப் வேலை கிடைத்தது. அங்கே விமானப் படிப்பு இருந்தது, விமானம் இல்லை. விமானி தன் முன்னால் பார்க்கும் கருவிகள் நாலைந்தும், மூன்று லித்தியம் பேட்டரிகளும், அவற்றைச் சோதிக்க ஒரு மீட்டரும் வாங்கி வைத்திருந்தார்கள். பறக்கும்போது விமானத்தின் மின்சாரம் நின்றுபோனால், தரையிறங்கும் வரை அந்தக் கருவிகள் அணையாமல் காப்பது இந்தப் பேட்டரிதான். எல்லாமே கவருக்குள் இருந்தன.

கூடவே வந்த சிறு புத்தகத்தை வரி விடாமல் படித்தேன். வெயில் படாத குளிர்ந்த இடத்தில் வை. முழுதாகவும் சார்ஜ் ஏற்றி வைக்காதே, காலியாகவும் விடாதே. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அளந்து பார். உப்பியிருந்தால் சார்ஜரை மாட்டாதே. எங்கள் லேபுக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை. சித்திரையில் இரும்பு பீரோவைத் தொட்டால் கை பொசுங்கும். பேட்டரிகள் அந்த பீரோவுக்குள்தான் வெந்துகொண்டிருந்தன.

கல்லூரி மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். முதலாளியின் மைத்துனர், வெற்றிலைச் சாறு வழியும் கடைவாயை வேட்டி நுனியால் துடைத்துக்கொள்ளும் மனிதர்.

"கவரைப் பிரிச்சா பழசாப் போயிரும்மா. கமிட்டிக்காரங்க வந்து பாத்துட்டுப் போகட்டும். அம்புட்டு அவசரம் என்ன?"

கமிட்டி என்றால் கல்லூரிக்கு அனுமதி நீட்டிக்க வருகிறவர்கள். அந்த வருடம் அவர்கள் வரவில்லை.

கடைசி வருட மாணவி ஒருத்தி மட்டும் என்னை விடவே இல்லை. கீரனூர்ப் பக்கத்துப் பெண், அப்பா மக்காச்சோளம் போடுகிறவர். விமானப் பராமரிப்பு ஹேங்கரில் வேலைக்குப் போவது என்று தீர்மானமாக இருந்தாள். வேலை கிடைக்காவிட்டால் ஆவணியில் கல்யாணம் என்று வீட்டில் சொல்லிவிட்டார்களாம்.

"ஒரே ஒருக்கா கையில எடுத்து சார்ஜ் போட்டுப் பாக்கட்டுங்களா மேடம்?" என்று வாரம் தவறாமல் கேட்பாள்.

"கமிட்டி முடியட்டும்" என்பேன் நானும், மேனேஜரின் கிளிப்பிள்ளையாக.

கமிட்டி வரும் தேதி தெரிந்ததும் மேனேஜர் ஒரு புது ரெஜிஸ்டரோடு லேபுக்கு வந்தார். சட்டைப் பையில் இருந்து நான்கு பேனாக்களை எடுத்து மேசையில் வரிசையாக வைத்தார்.

"மூணு மாசத்துக்கு ஒருக்கா சார்ஜ் பண்ணுன மாதிரி எழுதிரும்மா. பேனாவ மாத்தி மாத்திப் போடு. ஒரே மைன்னா கண்டுபிடிச்சுருவாங்க."

நான் எழுதினேன். மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். வேலை போய்விடுமே என்ற பயம். வோல்ட்டேஜ் கட்டத்தில் ஒரே எண்ணைப் போட்டு, கடைசி இலக்கத்தை மட்டும் அங்கங்கே மாற்றினேன். ஒவ்வொரு வரிக்கும் என் கையெழுத்து. முடித்ததும் மேனேஜர் டீ கிளாஸின் அடியை அட்டையில் அழுத்தி ஒரு வட்டக் கறையும் வைத்தார். புழங்கின ரெஜிஸ்டர் மாதிரி இருக்க வேண்டுமாம்.

கமிட்டிக்காரர்கள் சாப்பிட்டுவிட்டுத்தான் லேபுக்கு வந்தார்கள். ஒருவர் பல் குத்திக்கொண்டே ரெஜிஸ்டரைப் புரட்டினார். அவர் கட்டை விரலின் நெய் நான் எழுதிய பக்கத்தில் பதிந்தது. "நீட்டா மெயின்டெய்ன் பண்றீங்க" என்றார். பீரோவைத் திறக்கச் சொல்லவில்லை.

அவர்கள் போனதும் நானே திறந்தேன். மூன்று பேட்டரிகளில் இரண்டு, கவர் பிதுங்கும் அளவுக்கு உப்பியிருந்தன. மேலே பல்லி எச்சம். பதறிப்போய் மூன்றையும் மணல் வாளியில் வைத்துக் கட்டடத்துக்கு வெளியே கொண்டுபோனேன். மறுநாள் வந்து பார்த்தால், எச்சத்தைத் துடைத்து மறுபடி பீரோவில் அடுக்கியிருந்தார்கள். அடுத்த கமிட்டிக்கு வேண்டுமாம். இப்படியும் மனிதர்களா என்று காறித் துப்பத் தோன்றியது.

மாணவர்களுக்கு ரெக்கார்டு நோட்டு முடிக்க ரீடிங் வேண்டும். துறைத் தலைவர் என் ரெஜிஸ்டரைக் கொடுத்துப் பார்த்து எழுதச் சொல்லிவிட்டார். கீரனூர்ப் பெண் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, என் எண்களை அச்சுப் பிசகாமல் எழுதி, வரைபடமும் போட்டுக்கொண்டு வந்தாள். நேராக ஓடும் ஒரு கோடு. நான் பச்சை மையில் டிக் போட்டுக் கையெழுத்தும் போட்டேன்.

வைகாசியில் அவளுக்கு வெளியூர் ஹேங்கர் ஒன்றில் நேர்முகம். போய்வந்த மறுநாளே ரெக்கார்டு நோட்டோடு லேபுக்கு வந்தாள். முகம் வாடியிருந்தது. மூன்று மாதம் சும்மா கிடந்தால் பேட்டரியில் எவ்வளவு இறங்கும் என்று கேட்டார்களாம். இறங்கவே இறங்காது என்று சொல்லியிருக்கிறாள். பிறகு உப்பிய பேட்டரி ஒன்றை மேசையில் வைத்து சார்ஜ் போடச் சொன்னார்களாம். இவள் சட்டென்று சார்ஜரை எடுக்க, அங்கே இருந்தவர் கையைப் பிடித்துத் தடுத்து, "நீ போகலாம்மா" என்றுவிட்டார்.

நோட்டை விரித்து என் எண்களின் மேல் விரலை வைத்தாள்.

"ரீடிங் தப்புன்னு சொல்றாங்க மேடம். நீங்க தப்பா எடுத்திருக்க மாட்டீங்க. நம்ம மீட்டர்தான் கோளாறுங்களா?"

அவள் என்மேல் குற்றம் சொல்லவில்லை. நான் தப்பிக்க ஒரு வழியை அவளே திறந்துவிட்டாள். கூசாமல் அதற்குள் நுழைந்தேன்.

"ஆமா, மீட்டர்தான்" என்றேன்.

"சரிங்க மேடம். அடுத்த வருசத்துப் பிள்ளைங்களுக்காவது வேற மீட்டர் வாங்கச் சொல்லுங்க" என்று நோட்டை மூடி எடுத்துக்கொண்டு போனாள். ஆவணியில் பத்திரிகை அனுப்பினாள்.

அவள் போனபின் பீரோவைத் திறந்து மீட்டரை எடுத்துப் பார்த்தேன். அதன் கவரையும் இன்னும் யாரும் பிரிக்கவில்லை.