மெஸ் சாப்பாடு எப்படி என்று கேட்கவும்

“ஹலோ சொல்லாதீங்க அண்ணாச்சி. காலையில மெஸ்ஸுல என்ன போட்டாவ, அதச் சொல்லுங்க” என்று ரிசீவரில் கேட்டுவிட்டு, சுகப்பிரியா அதைக் காதில் வைக்காமல் மேசைமேல் கிடத்திவிடுகிறார். பதிலைக் கேட்பதில் அவருக்கு அக்கறை இல்லை. கணினித் திரையில் ஒரு பச்சைக் கோடு நீள்கிறதா என்பதுதான் கவலை. நீண்டால் முகம் மலரும். எதிர்முனைக்காரர் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம்.

ஒரகடத்தில் எங்கள் உதிரிபாகத் தொழிற்சாலையின் மேசைத் தொலைபேசிகள் எல்லாம் இன்டர்நெட் வழியாகப் பேசுகின்றன. பேசுகின்றன என்பது கொஞ்சம் பெரிய வார்த்தை. பாதி நாள் இங்கே பேசுவது அங்கே கேட்கும். அங்கே பேசுவது இங்கே கேட்காது. பேச்சு எந்த இடத்தில் காணாமல் போனது என்று தேடிக் காட்ட ஒரு மென்பொருள் வாங்கினார்கள். கூடவே வந்த ஆங்கிலக் கையேட்டில் யாரும் முதல் பக்கத்தைத் தாண்டவில்லை. சுகப்பிரியா தாண்டினார். அன்று பிடித்தது சனி. ஊருக்கு, அதாவது நாங்குநேரிக்கு, பஸ் ஏறினால் மேல்மருவத்தூர் வருவதற்குள் ஆபீஸிலிருந்து போன் வந்துவிடும். போன பொங்கலுக்குச் சிங்கப்பெருமாள் கோயிலிலேயே பையோடு இறங்கித் திரும்பி வந்தார். கண்கள் சிவந்திருந்தன. தூசி என்றார். நாங்களும் தூசி என்றே வைத்துக்கொண்டோம்.

அதற்குப் பிறகுதான் தமிழில் ஒரு கையேடு எழுத உட்கார்ந்தார். யார் வேண்டுமானாலும் அதைப் பார்த்துக் கோளாறைப் பிடித்துவிடலாம், தன்னைத் தேட வேண்டாம் என்பது திட்டம். இதில் ஒரு சிக்கல். பேச்சு நின்றால் திரையில் கோடும் நின்றுவிடும். ஒரு நிமிடமாவது ஆள் நிற்காமல் பேசினால்தான் தடம் தெரியும். ஹலோவுக்குப் பிறகு மனிதர்களிடம் சரக்கு இல்லை என்பது சுகப்பிரியாவின் கண்டுபிடிப்பு. கிரிக்கெட்டைக் கேட்டுப் பார்த்தார். பாதிப் பேர் பார்ப்பதில்லை. சம்பளத்தைக் கேட்டார், குரல் தாழ்ந்து அடங்கிவிட்டது. ஹாஸ்டல் மெஸ் மட்டும்தான் தங்குதடையின்றி ஓடியது. ஆகவே நான்காம் படி: ‘எதிர்முனையில் இருப்பவரிடம் மெஸ் சாப்பாடு எப்படி என்று கேட்கவும்.’

டீக்கடையில் முன்பின் தெரியாத ஒருவர் போனில் ஹலோ ஹலோ என்று கத்தினாலும் இவருக்குப் பொறுக்காது. “சோத்தப் பத்திக் கேளுங்க அண்ணாச்சி, பேச்சு தானா வரும்” என்று அக்கறையாக யோசனை சொல்வார்.

மேனேஜர் பரசுராமன் அந்தப் படியை அடித்துவிட்டார். “இது டாக்குமென்ட்டா, ஓட்டல் விமர்சனமா?” அதன் இடத்தில் ‘போதிய நேரம் பேசச் செய்யவும்’ என்று சேர்த்தார். ஊரில் கோயில் கொடைத் திருவிழாவுக்குச் சுகப்பிரியா லீவு கேட்டபோது நிபந்தனையும் போட்டார்: மூர்த்தி இந்தக் கையேட்டை மட்டும் வைத்து ஒரு கோளாறைக் கண்டுபிடிக்க வேண்டும், சுகப்பிரியா வாயே திறக்கக் கூடாது.

மூர்த்தி மண்ணூர்க்காரர், எலக்ட்ரீஷியன், சொன்னதைச் சொன்னபடி செய்பவர். பஸ்ஸுக்குக் கட்டிய பை காலடியில் இருக்க, சுகப்பிரியா உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார். இருங்காட்டுக்கோட்டை கிடங்கிலிருந்து பேசினால் இங்கே கேட்கவில்லை என்று அன்று புகார். அங்கே ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் இசக்கிபாண்டியை மூர்த்தி அழைத்தார். படித்ததை அப்படியே சொன்னார்.

“அண்ணா, போதிய நேரம் பேசுங்கண்ணா.”

கோடு தீக்குச்சி அளவு வந்து நின்றுவிட்டது. “இன்னா மேடம், ஒண்ணும் வர்ல!”

சுகப்பிரியா வாயைத் திறக்கவில்லை. பேனாவைத் திறந்து, அடிபட்ட வரியைப் பக்க ஓரத்தில் மறுபடி எழுதினார். எழுதக் கூடாது என்று நிபந்தனையில் இல்லையே. பரசுராமன் மின்விசிறியைப் பார்த்தார்.

“அண்ணா, மெஸ்ஸுல இன்னா சோறு போட்றாங்கோ?”

ரிசீவரில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. திரையிலோ பச்சைக் கோடு பாய்ந்தது. கேட்காத பேச்சு அத்தனை நீளமாக ஓடுவதை மூர்த்தி வாய்பிளந்து பார்த்தார். கிடங்கிலிருந்து ஒழுங்காகக் கிளம்பிய கோடு எங்கள் ஆபீஸுக்குள் இன்டர்நெட் நுழையும் வாசல் பெட்டியில் தலைமுட்டி நின்றது. கையேட்டில் விரல் வைத்து, படி படியாக, அடைபட்ட வழியை மூர்த்தியே திறந்துவிட்டார். பரசுராமன் லீவு தாளில் கையெழுத்துப் போட்டார். சுகப்பிரியா பையைத் தோளில் மாட்டியாயிற்று.

அப்போது ரிசீவரிலிருந்து குரல் நடுவில் பிய்த்துக்கொண்டு வந்தது.

“...சாம்பாருங்கான், சட்டி கழுவுன தண்ணி. அது கெடக்கட்டும் மூர்த்தி. கொடைக்கு லீவு கேட்டேன், சூப்பர்வைசர் முடியாதுன்னுட்டான். இந்த வருசமும் ஊருல என் தலை தெரியாது. நான் பாட்டுக்குப் பேசுதேன், லைன்ல இருக்கியா? கேக்கா?”

மூர்த்தி சந்தோஷமாகக் கடைசிப் படியைப் படித்தார். ‘குரல் தெளிவாகக் கேட்டதும் இணைப்பைத் துண்டிக்கவும்.’ விரலை நீட்டினார்.

சுகப்பிரியா அந்தக் கையைத் தட்டிவிட்டு, பையை இறக்கி வைத்து, காலால் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார்.