பல் வலிக்குக் கையில் ஊசி

பல் டாக்டர் தொழிலில் ஒரே ஒரு சௌகரியம் உண்டு: எதிரில் இருப்பவரின் வாய் திறந்தே இருக்கும், ஆனால் பேச முடியாது. ஈறு அறுவை சிகிச்சைக்கு நோயாளியின் ரத்தத்தையே எடுத்துப் பயன்படுத்த ஆரம்பித்ததும் அந்தச் சௌகரியமும் போயிற்று. ஊசி கையில் ஏறுகிறது. வாய்க்கு வேலை இல்லை. காரைக்காலில் வேலையில்லாத வாய் சும்மா இருக்குமா? கன்னத்தைப் பிடித்துக்கொண்டு எங்கள் நாற்காலியில் படுத்தவர்களே, உங்கள் கஷ்டம் எனக்குத் தெரியும். என் கஷ்டத்தையும் கொஞ்சம் கேளுங்கள்.

எங்கே குத்துவது?

அஞ்சலை மீன் வியாபாரி. தலத்தெருவில் இருக்கும் என் கிளினிக்குக்கு, கூடையை வாசலில் வைத்துவிட்டு வந்தார். கீழ்க் கடைவாய்ப் பல் ஆடியது. எக்ஸ்ரே எடுத்தால், பல்லைச் சுற்றி எலும்பு கரைந்து பள்ளமாக இருந்தது. சர்க்கரையும் ஏகத்துக்கு. அதை இறக்கிவிட்டு வாருங்கள் என்று அனுப்பினேன். இனிப்பில்லாத டீயைச் சபித்துக்கொண்டே குடித்து, மாத்திரையை ஒழுங்காகப் போட்டு, சில மாதம் கழித்து நல்ல ரிப்போர்ட்டோடு வந்து நின்றார்.

"உங்க ரத்தத்தைக் கொஞ்சம் எடுத்து மெஷின்ல சுத்த விடுவோம். அதுல ஜவ்வு மாதிரி ஒண்ணு கிடைக்கும். எலும்புப் பொடியோட சேர்த்துப் பள்ளத்துல வச்சுத் தைப்போம். சுகர் இருந்தா புண் ஆற நாளாகும்ல, அதுக்கு இது ஒத்தாசை" என்றேன். அவர் தன் கையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பல்லு வலின்னு வந்தா கையில குத்துறீங்க. கை வலின்னு வந்தா எங்க குத்துவீங்க டாக்டரம்மா?"

சார்ஜ்

எடுத்த ரத்தத்தை உடனே சுற்ற விட வேண்டும்; இல்லாவிட்டால் உறைந்து வீணாகிவிடும். நர்ஸ் ராணி ஓடிப்போய்ப் பக்கத்து அறையில் மெஷினைப் போட்டாள். உறுமல் கேட்டது. பாதியில் நின்றது. போய்ப் பார்த்தால் மெஷின் பிளக் தரையில் கிடக்கிறது. அது இருந்த இடத்தில் அஞ்சலையின் வீட்டுக்காரர் சிங்காரத்தின் செல்போன் சாவகாசமாகச் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கிறது. "சும்மா சத்தம் போட்டுக்கிட்டு இருந்துச்சுங்க" என்றார்.

ராணி சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று சிரித்தாள். எனக்குக் கோபம் வரவேண்டும், சிரிப்புதான் வந்தது. இன்னொரு தடவை குத்த வேண்டும் என்றதும் சிங்காரத்துக்கு முகம் வாடிவிட்டது. என் கையில் எடுத்துக்குங்க என்று சட்டைக் கையை மடித்தார். "உங்களோடது ஆகாதுங்க, அவங்க ரத்தம்தான் வேணும்" என்றேன். நாற்காலியிலிருந்து அஞ்சலை குரல் கொடுத்தார்.

"கல்யாணமான நாள்லேர்ந்து என் ரத்தத்தைத்தானே உறிஞ்சுறாரு. அங்க ஓடுறதும் என்னோடதுதான், எடுங்க."

அக்கா

இரண்டாம் தடவை மெஷின் ஒழுங்காகச் சுற்றியது. ஈறு மரத்துப்போக ஊசி போடப் போகும்போது அஞ்சலை என் மணிக்கட்டைப் பிடித்தார். அவ்வளவு நேரம் பேசிய பேச்செல்லாம் பயத்தில் பேசியது என்று அப்போதுதான் தெரிந்தது. அவர் அக்காவுக்கும் சர்க்கரை. காலில் சின்னப் புண்தான் வந்ததாம். ஆறவே இல்லையாம், கடைசியில் பாதத்தை எடுத்துவிட்டார்களாம். நிச்சயமாக ஆறிவிடும் என்று என்னால் வாக்குக் கொடுக்க முடியவில்லை. சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, வாரா வாரம் நானே பார்க்கிறேன் என்று மட்டும் சொன்னேன். அவர் கையை விட்டார்.

"ஆறலேன்னா மறைக்காம சொல்லிடுங்க. அக்காகிட்ட யாரும் சொல்லல."

சுத்த சைவம்

அஞ்சலைக்கு வைத்துத் தைத்துவிட்டு, எலும்பு வளர நான் காத்திருந்த மாதங்களில், தருமபுரத்திலிருந்து ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் வந்தார். அதே பள்ளம், அதே சர்க்கரை, அதே வைத்தியம். எலும்புப் பொடி என்றதும் வாயை மூடிக்கொண்டார். மாட்டு எலும்பிலிருந்து எடுப்பதும் உண்டு, உங்களுக்குச் செயற்கையாகச் செய்ததையே வைக்கிறேன் என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னேன். அப்புறம் ரத்தம் என்றேன். யாருடையது என்று விசாரணை வந்தது. உங்களுடையதுதான் சார் என்றதும் முகம் மலர்ந்தது.

"பொறந்ததுலேர்ந்து தயிர் சாதத்துல ஓடுற ரத்தம். தாராளமா வைங்க."

எக்ஸ்ரே

அஞ்சலைக்கு ஈறு ஆறியது. சொன்ன வாரமெல்லாம் தவறாமல் வந்தார். மாதங்கள் கழித்துப் புது எக்ஸ்ரேயைப் பழையதோடு சேர்த்துப் பார்த்தேன். பள்ளம் முக்கால்வாசி தூர்ந்திருந்தது. பல்லை ஆட்டிப் பார்த்தேன், அசையவில்லை. ராணியைக் கூப்பிட்டேன். நானும் அவளும் கையைக் கோத்துக்கொண்டு சின்னப் பிள்ளைகள் மாதிரி குதித்தோம். டாக்டர் குதிப்பதை நோயாளி பார்க்கக் கூடாதுதான், பார்த்துவிட்டார். உடனே கௌரவத்தை வரவழைத்துக்கொண்டு, இன்னும் கொஞ்ச நாளைக்கு அந்தப் பக்கம் கெட்டியாக எதையும் கடிக்கக் கூடாது என்றேன். அஞ்சலை தலையைக் குனிந்துகொண்டார்.

"நேத்தே நண்டுக் காலைக் கடிச்சுட்டேன் டாக்டரம்மா. நண்டுதான் ஒடஞ்சுது."

ஊசியும் மெஷினும் எலும்பும் எனக்கு ஓரளவு பிடிபட்டுவிட்டன. இவர்களுக்கு என்ன பதில் சொல்வது என்பதுதான் இன்னும் பிடிபடவில்லை.