கியோட்டோவில் அம்மாவுக்காக ஒரு கும்பிடு

கியோட்டோவில் அந்தப் புத்தர் கோயில் முற்றத்தில் இடுப்பளவு உயரத்துக்கு ஒரு வெண்கலத் தொட்டி. அது நிறையச் சாம்பல், அதில் ஊதுவத்திகள் புகைந்துகொண்டிருந்தன. என்னோடும் நண்பனோடும் வந்த அவன் மேலாளர் புகையைக் கையால் அள்ளித் தோளில் விட்டுக்கொண்டார். நான் சாம்பலைத் தொட்டு நெற்றியில் பூசிக்கொண்டேன். சங்கரன்கோவிலில் பிரசாதமாகத் தரும் புற்றுமண் பூசி வளர்ந்தவனுக்குக் கை தானாகப் போய்விட்டது.

“ஏலே, மானத்த வாங்காத. அது ஒண்ணும் துன்னூறு இல்ல,” என்றான் நண்பன்.

அவனும் எங்கள் தெருக்காரன்தான். பள்ளிக்கூட நாட்களில் பாதி ராத்திரிச் சாப்பாடு எங்கள் வீட்டில். எனக்கு முந்தியே ஜப்பான் போய் வேலையில் நிரந்தரமாகிவிட்டான். நான் பயிற்சிக்குப் போனவன். அது முடியப்போகும் நேரத்தில் அவன் பிரிவில் ஓர் இடம் காலியானது. “எங்க மேலாளர் ஞாயித்துக்கிழமையானா கோயில் சுத்துவாரு. நீயும் வா, நான் சொல்லுதேன்,” என்று கூட்டிவந்தவனும் அவன்தான். தறி ஓட்டும் அப்பாவுக்கும் பூச்சந்தையில் பூக்கட்டும் அம்மாவுக்கும் கையெழுத்துக்கூட வராது. அவர்கள் பிள்ளையான எனக்கு அந்த இடம் கிடைத்துவிட்டதாகவே நினைத்து நடந்துகொண்டிருந்தேன்.

மேலாளர் என் நெற்றியைப் பார்த்துச் சிரிக்கவில்லை. என்ன வழக்கம் என்று கேட்டார். திக்கித் திணறி, தெரிந்த ஜப்பானிய மொழியில் புற்றுமண்ணைப் பற்றிச் சொன்னேன். தலையாட்டித் தலையாட்டிக் கேட்டார்.

அடுத்தது ஜப்பானின் பழைய ஷின்டோ மதக் கோயில் ஒன்று. வாசலில் நான் மரக்கரண்டியால் தண்ணீர் மொண்டு கை கழுவும்போது, பின்னால் அவர் நண்பனிடம் கேட்டது காதில் விழுந்தது. நீ சொன்ன ஆள் இவர்தானே, நம்மோடு சேர்வாரா?

நண்பன் கடகடவென்று பேசினான். அந்த வேகம் எனக்குப் பிடிபடாது என்று நினைத்திருப்பான். எனக்குப் பேசத்தான் திக்கும், கேட்டால் விளங்கும். இவன் அம்மாவுக்கு உடம்பு ரொம்ப மோசம், ஊரோடு போய்விடப் போகிறான் என்றான்.

மேலாளர் என்னிடம் வந்து தலை குனிந்தார். வாருங்கள், உங்கள் அம்மாவுக்காக வேண்டிக்கொள்வோம் என்றார். பெட்டியில் காசு போட்டார். இரண்டு முறை குனிந்தார், இரண்டு முறை கை தட்டினார், கண்ணை மூடிக்கொண்டார். வயதான மனிதர். அத்தனை உருக்கமாக நின்றவரிடம் அது பொய் என்று சொல்ல எனக்கு வாய் எழவில்லை. இல்லாத சீக்குக்காக நானும் கை தட்டிக் கும்பிட்டேன்.

திரும்பும்போது ரயிலில், ஏன் அப்படிச் சொன்னாய் என்று நண்பனைக் கேட்டேன்.

“ஒன்னயப் பத்தி அவருட்டச் சொன்னதுக்குப் பொறவு, அந்த எடம் என் மச்சினனுக்குன்னு வீட்ல வாக்குக் குடுத்துட்டேம்லே. அவ்வளவு நெருக்குதாவ. ஒனக்கு வேற பாப்போம்.”

“அதுக்கு எங்கம்மாவ ஏம்ல இழுத்த?”

“வேற என்ன சொன்னாலும் ஒன்னயக் கூப்பிட்டு விசாரிப்பாரு. அம்மான்னா விசாரிக்க மாட்டாரு.”

பயிற்சி முடிந்து ஊருக்கு வந்துவிட்டேன். இந்த ஆடித்தபசுத் திருவிழாவுக்கு அவன் லீவில் வந்தான். நேரே எங்கள் வீட்டுக்குத்தான் வந்தான். அம்மா தோசை சுட்டாள்.

“எம்புள்ளைய அங்கன கோயிலுக்கெல்லாம் கூட்டிட்டுப் போனியாமே மக்கா.”

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. அவன் எதிரிலேயே எல்லாவற்றையும் சொன்னேன். அவன் தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டான்.

அம்மா தோசைக்கரண்டியோடு அவனைப் பார்த்தாள். “எனக்குச் சீக்குன்னா சொன்ன?”

“அத்த, அது வந்து...”

“போலே. அப்படிச் சொன்னா ஆயுசு கெட்டிதான். மச்சினன் வேல இல்லாமச் சும்மா இருந்தா ஒம்பொண்டாட்டி விட்டுருவாளாக்கும். தின்னு.”

இன்னொரு தோசையை அவன் தட்டில் போட்டாள். அவன் சட்னியைத் தொட்டுக்கொண்டான்.

“நீயும் உக்காருலே, ஆறுது,” என்றாள் என்னிடம்.

நான் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டேன்.