விக்கிரமசிங்கபுரத்துக்கு ஓர் அட்டையோடு

1996 அக்டோபரில் நான் விக்கிரமசிங்கபுரம் சென்றது அருவியில் குளிப்பதற்காக அன்று. நான் கதிர்வீச்சுப் பாதுகாப்புப் பிரிவில் பணிபுரிந்த அணுமின் நிலையத்தில் இரண்டாம் உலையை நிறுத்தியிருந்தோம். எரிபொருள் மாற்ற வேண்டும். உலை சூடு தணிந்தபின் மேல்மூடியின் போல்ட்டுகளைக் கழற்றி, மூடியைத் தூக்கி, உலை நிற்கும் குழியை நீரால் நிரப்பிய பிறகே எரிபொருளைத் தொடலாம். அந்தப் போல்ட்டு வேலைக்கு ஒப்பந்தக்காரர் மீண்டும் இசக்கியை அழைத்திருந்தார்.

இசக்கி, விக்கிரமசிங்கபுரம் நூற்பாலையில் ஃபிட்டர். ஜனவரியில் முதல் உலையின் மூடியருகே ஆறு நாள் நின்றவர். கதிர்வீச்சை அளக்க அவருக்குக் கொடுத்த அட்டை பூஜ்யம் காட்டியது. அவருக்கு அருகிலேயே நின்றவரின் அட்டையோ ஆண்டு வரம்பைத் தொட்டிருந்தது. ஒப்பந்தக்காரருக்குப் பூஜ்யம் பிடித்திருந்தது; அதைக் காட்டி அதே ஆண்டில் அவரை மீண்டும் இறக்கலாம். ரயில் டிக்கெட்டே அனுப்பிவிட்டார். அந்த டிக்கெட்டில் அவர் ரயிலேறுமுன் நான் போய்ச் சேர வேண்டியிருந்தது.

காலை 7.20க்குத் திருநெல்வேலி சந்திப்பு. அங்கிருந்து பாபநாசம் பேருந்து: 45 கிலோமீட்டர், ஏழரை ரூபாய், ஒன்றே முக்கால் மணி நேரம். கல்லிடைக்குறிச்சி தாண்டிப் பாலத்தில் ஏறும்போது தாமிரபரணி இரு கரையும் தொட்டு ஓடியது. எந்தக் கோபத்திலும் அதைப் பார்க்காமல் இருக்க முடியாது.

"மில்லுக்கா அண்ணாச்சி? ஷிப்டு விடுத நேரம். சைக்கிளுக்கு வழி விட்டுப் பைய எறங்குங்க" என்றார் நடத்துநர்.

இசக்கி வீட்டில் பெட்டி கட்டி வைத்திருந்தார். "என்னயக் கூட்டிட்டுப் போக நேர்லயே வந்துட்டியளா சார்!"

அட்டையை அவர்முன் வைத்தேன். "அந்த ஆறு நாளும் இது எங்கன இருந்துச்சு?"

"வெளிய கழத்திப் போட்ட சட்டைப் பையில. குழிக்குள்ள குண்டூசி விழப்பிடாதுன்னு நீங்கதான சொன்னிய? மில்லுலயும் அதான் பழக்கம். மோதிரம், அரணாக்கயிறு, இது, எல்லாத்தயும் கழத்தி வச்சிட்டுத்தான் எறங்குனேன்."

"கல்யாண மோதிரத்தயே கழத்துன மனுசன், அட்டையவா விட்டு வைப்பாரு?" என்றார் அவர் மனைவி பேச்சியம்மாள்.

"குழியோரம் நின்ன மேற்பார்வையாளர் பாக்கலியா?"

"பாத்தாரே. 'கெட்டிக்காரன்வே நீரு'ன்னாரு."

அந்தப் பாராட்டை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. அட்டையைக் கழற்றக்கூடாது என்று தனியாகச் சொல்லாத என்னையும்தான்.

அட்டையில் பதியாதது உடம்பில் பட்டிருக்கிறது என்று விளக்கினேன். அருகில் நின்ற கூட்டாளியின் அளவையே அவருக்கும் எழுத வேண்டும். இந்த ஆண்டு அவர் உலைப்பக்கம் வரக்கூடாது. வாக்குமூலத்தில் கையெழுத்துக் கேட்டேன்.

இசக்கி தாளை வாங்கிக்கொண்டார். பிறகு, "கடைசி நாலு போல்ட்டு இறுக்கமா நிக்கும் சார். தெரியாதவன் திருகு மரையக் கெடுத்துருவான்" என்றார்.

"கெடட்டும்" என்றேன்.

கையெழுத்திட்டார். பேச்சியம்மாள் தேங்காய்ப்பால் சொதியும் சோறும் பரிமாறினார். பெட்டியைப் பிரித்ததும் அவர்தான்.

பேருந்து நிறுத்தத்துக்கு இசக்கி ஒரு நூல்கண்டோடு வந்தார். "கழத்தாதன்னு சொன்னா எவனும் கேக்க மாட்டான். அட்டையக் கோத்துக் கழுத்துல இப்பிடி முடிச்சுப் போட்டுருங்க. வேல முடிஞ்சு கத்திரியாலதான் வெட்டணும்." என் கழுத்திலேயே இருமுறை கட்டிக் காட்டினார்.

அந்தப் பேருந்தில் போகிறவர்கள் ஆற்றைப் பார்க்க வலப்பக்கச் சன்னலோரம் அமருங்கள். சொதி கிடைத்தால் மறுக்காதீர்கள். உங்கள் வீட்டிலிருந்து யாரேனும் இத்தகைய வேலைக்குப் போனால், எதைக் கழற்றினாலும் அட்டையைக் கழற்ற வேண்டாம் என்று சொல்லி அனுப்புங்கள்.

அந்த முறை குழியில் இறங்கிய ஒவ்வொருவர் கழுத்திலும் இசக்கியின் முடிச்சு இருந்தது. முதல் முடிச்சை மேற்பார்வையாளரின் கழுத்தில் நானே போட்டேன்.