அம்புக்குறிமேல் அடித்த பெயிண்ட்

என் முன்கோபத்தைப் பற்றி ஊரே சொல்லும். என் பொய்யைப் பற்றி யாருக்கும் தெரியாது.

எண்பதுகளின் கடைசியில் இரும்புலியூரில் என்னிடம் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் இருந்தது. இரண்டே பேர் உட்காரலாம்; கூரையை மடக்கிவிடலாம். ஓடாமல் கிடந்த அதை மூன்று மாதம் பிரித்துக் கோத்து ஓடவைத்தவன் என் பள்ளித் தோழன். ஜி.எஸ்.டி. ரோட்டோரம் கொட்டகை போட்டு மெக்கானிக் வேலை பார்த்தான். அவன் கேட்டுக்கொண்டது ஒன்றுதான்: "மச்சான், மேல கழுவிக்கோ, துடைச்சிக்கோ. கீழ மட்டும் கைய வெக்காத."

வைத்தேன். ஆயுத பூஜைக்கு முந்தின நாள். வீட்டில் அரிவாள்மனை முதல் மண்வெட்டி வரை எல்லாம் கழுவிப் பொட்டுக்குத் தயாராக இருந்தன. காருக்கு அடியில் மட்டும் ஒரே துரு. மனசு கேட்கவில்லை. கியர் பாக்ஸிலிருந்து பின் சக்கரத்துக்குப் போகும் நீள ஷாஃப்டைக் கழற்றினேன். அது இரண்டு துண்டு. ஒன்றுக்குள் ஒன்று பல்லுக்குப் பல் சொருகி நிற்கும். இழுத்தேன், வந்துவிட்டது. சுரண்டி, மண்ணெண்ணெயில் கழுவி, சில்வர் பெயிண்ட் அடித்து, திரும்பச் சொருகி மாட்டினேன். சந்தனம், குங்குமம், பூசணிக்காய். பெரிய சாதனை!

பூஜை முடிந்து எடுத்த முதல் ஓட்டம். பெருங்களத்தூர் போவதற்குள் தெரிந்துவிட்டது. ஆக்சிலேட்டரை மிதித்தால் தரை, சீட்டு, என் முதுகெலும்பு எல்லாம் நடுங்கின. காலை எடுத்தால் அடங்கிவிடும்.

தோழன் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தான். "ஏண்டா, எதுனா கழட்டினியா?"

"இல்லடா. மாட்டினபடியே பெயிண்ட் மட்டும் அடிச்சேன்."

நம்பினான். நம்பியதால் அந்த இரண்டு துண்டையும் அவன் பிரிக்கவே இல்லை. அவன் கையால் சேர்த்ததாயிற்றே. இன்ஜின் மவுண்டிங்கை மாற்றினான். கிளட்சைப் பார்த்தான். ஷாஃப்டின் முனைகளை இணைக்கும் சிலுவை வடிவக் கிராஸை இரண்டு முறை மாற்றினான். ஒவ்வொரு தடவையும் வண்டலூர் வரை ஓட்டிப் பார்த்துவிட்டு, "இன்னும் கீதுடா" என்பான். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். காரணம் நான்தான் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியாது. சந்தேகம் இருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக்கொண்டு குரலை உயர்த்தினேன்.

ஒரு நாள், ரோடு சரியில்லையோ என்று அவன் இழுத்தான். நாலு வாடிக்கையாளர்கள் நின்றிருந்தார்கள். "ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம்! உனக்கு வேலை தெரியலன்னு சொல்லேன்!" என்று கத்தினேன். அவன் வேஸ்ட் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தான். சே, என்ன ஜென்மம் நான்! அந்தப் பேச்சு பரவியது. என் வண்டி வேறு, தினமும் ரோட்டில் நடுங்கிக்கொண்டு போய் அதற்குச் சாட்சி சொன்னது. ஒவ்வொருவராக வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். அடுத்த ஆயுத பூஜைக்கு அங்கே கொட்டகை இல்லை.

பிறகு, கீழ்க்கட்டளை லேத் பட்டறைக்காரர் ஒருவர் அந்த ஷாஃப்டைக் கழற்றிப் பெயிண்டைச் சுரண்டினார். துண்டுக்கு ஒன்றாக இரண்டு அம்புக்குறிகள் தெரிந்தன. "இது ரெண்டும் நேருக்கு நேர் நிக்கணும் சார். ரெண்டு பல்லு தள்ளிக் கீது. யாரு பிரிச்சது?" என்றார். நான் கூலி எவ்வளவு என்று கேட்டேன். சரியாகச் சொருகிக் கொடுத்தார். நடுக்கம் போயே போய்விட்டது. எனக்கு அழுகை வந்தது, சந்தோஷத்தில் அல்ல.

தோழன் பொத்தேரியில் ஒரு லாரி ஷெட்டில் கூலிக்கு இருப்பதாகக் கேள்விப்பட்டு, எல்லாவற்றையும் சொல்லிவிடுவதென்று கிளம்பினேன். வழி நெடுக ஒத்திகை பார்த்தேன். என் கார் சத்தத்தைக் கேட்டே லாரிக்கு அடியிலிருந்து வந்துவிட்டான். சாவியை வாங்கி ஒரு சுற்று ஓட்டினான். இறங்கும்போது பல்லெல்லாம் தெரியச் சிரித்தான்.

"சூப்பர்டா! கொஞ்சங்கூட ஆடல. இன்னாடா இருந்துச்சு?"

வாய் வரை வந்தது. "கிராஸ்தான்டா போயிருந்துச்சு" என்றேன்.

அவன் சிரிப்பு நின்றது. "ரெண்டு தபா நானே மாத்தினேனே..." கிரீஸ் படிந்த கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "அப்ப அன்னிக்கு நீ சொன்னது கரீக்ட்தான் மச்சான். எனக்குத்தான் வேலை தெரியல."

எனக்கு டீ சொல்லிவிட்டு, மறுபடி லாரிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டான். அதைக் குடித்துவிட்டுத்தான் வந்தேன்.